புதுவாயல் எறங்கு!

தணிகைவேலின் வண்டியில் ஏறி உட்கார்ந்தவர்கள் தூங்கிவிடுவார்கள். இதில் விதிவிலக்கே கிடையாது. மாமியாரைப் பற்றிக் காரசாரமாகப் பேசிக்கொண்டே ஏறுகிறவள்கூட, வண்டி மூன்றாவது கியருக்கு மாறுவதற்குள் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஜன்னலில் தலையைச் சாய்த்துவிடுவாள். மாமியாரின் மிச்சக் கதை மறுநாள்தான் தொடரும். அதுவும் பாதியில் நின்றுவிடும்.

புதுவாயல் கூட்டு ரோட்டில் பெண்களை ஏற்றிக்கொண்டு, ஆரணி, பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கம்பெனியில் கொண்டுபோய் இறக்குவதும், ஷிப்ட் முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுவதும் அவன் வேலை. காருக்குள் ஓடும் வயர்களை ஒன்றுசேர்த்துக் கட்டுகிற கம்பெனி அது. உள்ளே போனால் நின்றபடியே வேலை. வீட்டுக்கு வந்தால் அடுப்பு, பாத்திரம், பிள்ளைகளின் வீட்டுப்பாடம். அந்தப் பெண்களுக்கு நாள் முழுக்க நிம்மதியாக உட்காரக் கிடைத்த இடம் தணிகைவேலின் டிராவலர் வேன் ஒன்றுதான். அந்த வேன் தூக்கத்தை நம்பித்தான் அவர்கள் பொழுதை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

தணிகைவேலும் அதைத் தனக்குக் கிடைத்த மரியாதையாகவே எடுத்துக்கொண்டான். ஆரணி தாண்டியதும் வரும் பள்ளம், பெரியபாளையத்தில் மாடுகள் படுத்திருக்கும் வளைவு, தார் பெயர்ந்து ஜல்லி தெரியும் இடம் எல்லாம் அவனுக்கு அத்துப்படி. பிரேக்கை மிதிக்க மாட்டான், தொடுவான். ஹாரன் என்று ஒன்று வண்டியில் இருப்பதே பாதி நாள் அவனுக்கு மறந்துபோகும். “தணிக வண்டில தூளி கட்டலாம்பா” என்று மற்ற டிரைவர்கள் டீக்கடையில் கிண்டல் செய்தால் அவனுக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும்.

திரும்பி வரும்போது யாரையும் எழுப்பவும் வேண்டியதில்லை. புதுவாயலுக்குச் சற்று முன்னால் சாலை வலப்பக்கம் வளையும். வளைவு முடிந்த இடத்தில் அடுத்தடுத்து இரண்டு வேகத்தடைகள். அவன் இரண்டாவது கியருக்கு இறங்குவான். இன்ஜின் ஒரு உறுமல் உறுமும். தடக், தடக். அவ்வளவுதான். உள்ளே இருப்பவர்கள் அத்தனை பேரும் கண்ணைத் திறக்காமலே எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவுப் பக்கம் நகர்ந்துவிடுவார்கள். அவர்களில் மூத்தவளான மேரிக்குக் கதவோர சீட்டு. வண்டி நின்றதோ இல்லையோ கதவைத் திறந்துவிடுவாள். கால் தரையில் பட்ட பிறகுதான் எல்லோருக்கும் கண் திறக்கும்.

இப்படி ஊரார் வீட்டுப் பெண்களையெல்லாம் தூங்க வைத்துக்கொண்டிருந்த தணிகைவேலுக்கு ஒரே ஒரு குறை இருந்தது. அவன் மனைவி குணசுந்தரி அவன் வண்டியில் ஏறியதே இல்லை. அவளுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷூ கம்பெனி வேலை. வேறு வேன், வேறு டிரைவர். கம்பெனி அட்டை கழுத்தில் இல்லாத யாரையும் ஏற்றக் கூடாது என்று தணிகைவேலுக்குக் கட்டளை, அவன் கட்டளைக்குக் கட்டுப்பட்டவன். ஆகவே அவன் எப்படி ஓட்டுவான் என்று குணசுந்தரிக்குத் தெரியாது. தெரியாத விஷயத்தில் அவளுக்குக் கருத்து மட்டும் நிறைய இருந்தது.

“உனுக்கு இன்னாய்யா, ஒக்காந்துகினே வேல,” என்பாள், கெண்டைக்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே. “நானு நாள் பூரா நின்னுகினு சோல் ஒட்டிக்கினு கீறேன். நீ ராஜா மாரி ஒக்காந்துகினு போற, ஒக்காந்துகினு வர்ற. இட்டுகினு போறதும் தூங்கற கூட்டம். ஒரு வாய் பேசக்கூட வேணாம்.”

“ஏம்மே, வண்டி ஓட்டறதுன்னா சும்மாவா? கல்யாணத்துக்கு முன்னாடி நானு மதனப்பள்ளிக்குத் தக்காளி லாரி ஓட்டனவன். மலை ரோட்ல, லோடோட.”

“நம்மூர்ல மேடுன்னா பிரிட்ஜிதான். நீ மலை ஏத்துனத நான் வந்து பாத்தனா?”

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அது அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. லாரியில் போனால் வாரக்கணக்கில் வீட்டுக்கு வர முடியாது என்பதால்தான் கல்யாணமானதும் அதை விட்டுவிட்டு வேன் ஸ்டியரிங்கைப் பிடித்தான். மலையும் அத்தோடு போயிற்று. இவள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, மலை ரோட்டில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தான் ஓட்டுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவனுக்குள் ஓர் ஆசை புகுந்துகொண்டது. காதோரம் நரைத்த வயதில் ஓர் ஆளுக்கு இப்படி ஆசை வரலாமா என்றால், வந்துவிட்டது. வந்தபின் போகவும் இல்லை.

அதற்கு வழி செய்தவள் பானு. வேனிலேயே வாய் அதிகம் அவளுக்குத்தான், அதாவது தூங்காத நேரத்தில். “ண்ணா, இந்த வண்டில ஒரு நாளாச்சும் கம்பெனிக்குப் போவாம வேற எங்கனா போலாம்ணா,” என்று பொங்கல் சமயத்தில் ஆரம்பித்தாள். ஒருத்தி பீச் என்றாள். ஏஞ்சலின், வேலைக்குச் சேர்ந்து வருடம் திரும்பாத பெண், ஏசி போட்ட மால் என்றாள். தணிகைவேல் தொண்டையைச் செருமிக்கொண்டு, “தலக்கோனா” என்றான்.

திருப்பதியைத் தாண்டி, சேஷாசலம் மலைக்குள்ளே, தேசியப் பூங்கா என்று அரசாங்கம் வேலி கட்டிக் காப்பாற்றி வைத்திருக்கும் காடு. மலைப் பாதை, மூங்கில், குரங்கு, கடைசியில் அருவி. விடிவதற்கு முன் கிளம்பினால் இருட்டியதும் வீடு. இத்தனையும் அவன் சொல்லச் சொல்லப் பெண்கள் வாயைப் பிளந்தார்கள். வண்டி முதலாளி சபரிநாதன் பெரிய மனது பண்ணி ஞாயிற்றுக்கிழமைக்கு வண்டியைக் கொடுத்தார். ஆந்திரா பர்மிட்டும் போட்டாயிற்று. அன்றைக்குக் கழுத்தில் அட்டை வேண்டாம் என்பதால் முன்சீட்டு குணசுந்தரிக்கு.

“யாராச்சும் தூங்குனீங்க, சோறு கெடையாது,” என்று பானு எல்லோரிடமும் சத்தியம் வாங்கினாள். குணசுந்தரி சத்தியமெல்லாம் செய்யவில்லை. “நானு கண்ண மூடாம வரேன்யா. உன் வண்டவாளத்த இன்னிக்குப் பாத்துடறேன்,” என்றாள். அதைக் கேட்டு உள்ளுக்குள் பூரித்துப் போன தணிகைவேல் சனிக்கிழமை டிரிப் போக மிச்ச நேரம் முழுக்க வண்டியைக் கழுவினான்.

ஞாயிறு விடிவதற்கு முன்னால் புதுவாயலில் எல்லோரும் கூடினார்கள். புது சுடிதாரும் மல்லிகைப் பூவுமாக வண்டிக்குள் ஒரே வாசனை. புளிசாதம் ஒரு தூக்கு, எலுமிச்சை சாதம் ஒரு தூக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைத் தவறவிட்டு வந்த மேரி, வண்டி கிளம்பியதும் எல்லோருக்குமாக ஒரு ஜெபம் செய்தாள். “ஆண்டவரே, போற வழியிலயும் வர்ற வழியிலயும் இந்தப் பிள்ளைங்களக் காத்து, ஓட்டற அண்ணனோட கையையும் காலையும்...” என்று வந்தவள் அதற்கு மேல் பேசவில்லை. தணிகைவேல் கண்ணாடியில் பார்த்தான். மேரியின் தலை கம்பியில் சாய்ந்திருந்தது. அவளுக்குப் பின்னால் வரிசையாக எல்லாத் தலைகளும் சாய்ந்திருந்தன. பாதியில் நின்ற ஜெபத்தை அப்படியே விட மனமில்லாமல், நெற்றி நிறைய விபூதி பூசியிருந்த தணிகைவேலே “ஆமென்” சொல்லி முடித்துவைத்தான்.

தப்பு அவனுடையதுதான். தலக்கோனாவுக்கும் பெரியபாளையம் வழியாகத்தான் போக வேண்டும். கம்பெனிக்குப் போகிற அதே ரோடு, அதே சீட்டு, அதே இருட்டு. போதாக்குறைக்கு முந்தின நாள் இரண்டாம் ஷிப்ட் முடித்து வந்து சோறும் கட்டியவர்கள். அந்த உடம்புகளுக்கு டூர் ஏது, டூட்டி ஏது. வண்டி நகர்ந்தது, தூங்கின.

குணசுந்தரி மட்டும் பெரியபாளையம் வரை கண்ணை அகல விரித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள். ஊத்துக்கோட்டையில் இமை சொருகியது. நாகலாபுரம் வரும்போது அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. அங்கேதான் முதல் மலைகள் தெரிந்தன. பின்னால் வெளிச்சம் வந்து, மலை உச்சிகள் மட்டும் சிவந்து, அடியில் பனி வெள்ளையாகத் தேங்கி நின்றது. தணிகைவேல் அவள் முழங்கையைத் தொட்டான். “இந்தாம்மே, பாரு.”

“பாத்துக்கினுதான் கீறேன்,” என்றாள் குணசுந்தரி, கண்ணைத் திறக்காமல்.

புத்தூரில் நாஷ்டாவுக்கு நிறுத்தினான். இட்லி என்ற சொல்லுக்கு எல்லோரும் எழுந்துகொண்டார்கள். ஒருத்தியை ஒருத்தி கிண்டல் செய்துகொண்டார்கள். “நானு தூங்கலபா, மேரிக்காதான் கொறட்ட உட்டாங்க,” என்றாள் ஏஞ்சலின், கன்னத்தில் ஜன்னல் கம்பியின் தழும்போடு. காபி குடித்து, முகம் கழுவி, இனிமேல் தூங்கினால் ஏன் என்று கேள் என்று வீறாப்பாக ஏறி உட்கார்ந்தார்கள். தணிகைவேல் பாட்டுச் சத்தத்தை ஏற்றி வைத்தான். திருப்பதி பைபாஸ் தாண்டுவதற்குள் பாட்டு அவனுக்காக மட்டும் பாடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டான்.

மலையடிவாரத்தில் வனத்துறைச் சாவடி. செம்மரம் இருக்கும் காடு என்பதால், தமிழ்நாட்டு நம்பர் வண்டி என்றால் ஓரங்கட்டி ஒரு பார்வை பார்ப்பார்கள். காக்கிச் சட்டை போட்ட ஒரு பெரியவர் லத்தியோடு வந்தார்.

“லோபல எவரு?” என்று வண்டிக்குள் இருப்பது யாரென்று கேட்டார்.

“கம்பெனி லேடீஸ் சார். டூர்,” என்றான் தணிகைவேல், தனக்குத் தெரிந்த தெலுங்கை அங்கேயே செலவழித்து.

பெரியவர் பின்கதவைத் திறந்து தலையை உள்ளே நீட்டினார். மல்லிகையும் புளிசாதமும் மணக்க ஒரு வேன் நிறையப் பெண்கள் பொழுது விடிந்து வெயில் வந்த நேரத்தில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். மடியில் பை, கை பையின் மேல்.  “அந்தரூ நித்ரலோ உன்னாரே!” என்றார் மெதுவாக, எல்லோரும் தூங்குகிறார்களே என்று. பிறகு சத்தம் வராமல் கதவைச் சாத்தி, உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, போ என்று கையசைத்தார். அவருக்கும் வீட்டில் பெண்கள் இருப்பார்கள் போலிருக்கிறது.

“மலை வந்துச்சு, பாருங்கம்மா,” என்று தணிகைவேல் பின்னால் பார்த்துச் சொன்னான். பானு ஒரு கண்ணைத் திறந்தாள். “சூப்பர்ணா,” என்றாள். கண் மூடிக்கொண்டது.

வண்டி ஏற ஆரம்பித்தது. கையும் காலும் எதையும் மறக்கவில்லை என்பது முதல் வளைவிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. எங்கே கியர் மாற்ற வேண்டும், எங்கே உள்வளைவை விட்டு அகலமாகப் பிடிக்க வேண்டும், எல்லாம் தானாக வந்தன. அவனுக்குச் சந்தோஷம் பொங்கியது. ஒரு பக்கம் செங்குத்தாகச் சிவந்த பாறை, மறுபக்கம் மூங்கிலும் செம்மரமும் அடர்ந்து இறங்கும் சரிவு. கைப்பிடிச் சுவரில் குரங்குகள் குடும்பத்தோடு வெயில் காய்ந்தன. ஈர இலை வாசனை ஜன்னல் வழியே வந்தது. ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தாக்கு இன்னும் கொஞ்சம் கீழே போயிற்று. இத்தனை அழகையும் அந்த வண்டியில் பார்த்துக்கொண்டிருந்தவன் ரோட்டை மட்டுமே பார்க்க வேண்டிய ஒருவன்.

ஒரு பிரேக் போட்டால் போதும். காலை அழுத்தி ஒரே ஒரு மிதி. எல்லாத் தலையும் முன்சீட்டில் இடித்து எழுந்துகொள்ளும், குணசுந்தரியும் எழுந்துகொள்வாள். இரண்டு வளைவுகளில் அவன் அப்படி நினைத்தான். இரண்டு முறையும் கால் பிரேக்கைத் தொட்டதே தவிர மிதிக்கவில்லை. தூங்குகிறவர்களைக் குலுக்கி எழுப்ப அந்தக் காலுக்குத் தெரியாது. இத்தனை நாள் ஆசைப்பட்ட மலைக்கு இன்றைக்குக் கொண்டுவந்து, இங்கேயும் தூளியாக ஆட்டிக்கொண்டிருக்கிறோமே என்று அவனுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. அழுகை மாதிரிகூட ஏதோ வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

அடுத்த வளைவு வலப்பக்கம் திரும்பியது. வளைவு முடிந்த இடத்தில் வனவிலங்குகள் கடக்கும் இடம் என்பதற்கு மான் படம் போட்ட பலகை. பலகைக்குக் கீழே வேகத்தடை. ஒன்றல்ல, அடுத்தடுத்து இரண்டு. அவன் இரண்டாவது கியருக்கு இறங்கினான். இன்ஜின் ஒரு உறுமல் உறுமியது. தடக், தடக்.

பின்னால் சரசரவென்று சத்தம் கேட்டது. தணிகைவேல் கண்ணாடியில் பார்த்தான். அத்தனை பேரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். பை தோளில் ஏறிவிட்டது. கண் எல்லோருக்கும் மூடியிருந்தது. மேரியின் கை கதவுப் பிடியில் இருந்தது.

“மேரிக்கா! இரு, இரு!” என்று கத்திக்கொண்டே ஓரமாக ஒதுக்கி நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். நல்லவேளை, அங்கே சாலையோரம் அகலமாக மண் திட்டும் கம்பித் தடுப்பும் இருந்தன. மேரி இறங்கினாள். அவள் முதுகைப் பிடித்துக்கொண்டு ஏஞ்சலின், அவளுக்குப் பின்னால் பானு, பின்னால் மற்றவர்கள். தினமும் இறங்குகிற மாதிரியே இறங்கி, துப்பட்டாவை உதறி, “வரேண்ணா, நாளைக்குப் பாக்கலாம்” என்று ஒருத்தி சொல்லவும் சொல்லிவிட்டாள். ஏஞ்சலின் வலப்பக்கம் திரும்பி நாலு எட்டு நடந்தாள். புதுவாயலில் அந்தப் பக்கம்தான் அவள் அண்ணன் பைக்கோடு நிற்பான்.

அங்கே அண்ணன் இல்லை. கீழே பெரிய பள்ளத்தாக்கு ஒன்று இருந்தது.

“யம்மா!” என்று ஏஞ்சலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எல்லோருக்கும் கண் திறந்தது.

பனி பாதி விலகியிருந்தது. விலகிய இடத்திலெல்லாம் காடு, காட்டுக்கு நடுவே வெள்ளி நாடாவாக ஒரு ஓடை, அதற்கப்பால் மலை, மலைக்குப் பின்னால் இன்னொரு மலை. தாங்கள் ஏறி வந்த ரோடு கீழே வளைந்து வளைந்து தெரிந்தது. எல்லோரும் கம்பித் தடுப்புக்கு வந்து நின்றார்கள். பிறகு பானு சிரிக்க ஆரம்பித்தாள். “இன்னாடி இது, புதுவாயல யாரோ தூக்கிக்கினு பூட்டாங்க!” என்றாள். அவ்வளவுதான், மேரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்திட்டில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. குரங்குகள் இவர்களை வேடிக்கை பார்த்தன.

தணிகைவேலும் சிரித்தான். சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தபோது முன்சீட்டில் குணசுந்தரி தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் உடம்பு பழகியது வேறு வண்டிக்கு. அந்த வண்டியின் கிளீனர், புதுவாயல் வந்ததும் வெளியே தொங்கிக்கொண்டு தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, “புதுவாயல், புதுவாயல் எறங்கு!” என்று கூவுவான். சாயங்காலம் அவளை அழைத்துப் போகப் பைக்கோடு நிற்கும்போது தணிகைவேல் அதைத் தினமும் கேட்கிறான். கேட்கும்போதெல்லாம், தூங்குகிறவர்களை இப்படியா எழுப்புவது என்று மனதுக்குள் திட்டுவான்.

“எழுப்புண்ணா!” என்றாள் பானு.

“பாவம், உடு. அசந்து தூங்குது,” என்றாள் மேரி.

தணிகைவேல் ஜன்னலுக்கு வெளியே நின்று அவளைப் பார்த்தான். விரல் நுனிகளில் சோல் ஒட்டும் பசை காய்ந்து தோலாக உரிந்திருந்தது. அவள் போய்வருகிற வேன் டிரைவர் பள்ளம் மேடு பார்க்கிறவன் அல்ல. இப்படிக் கழுத்து தளர்ந்து, வாய் திறந்து, ஒரு வண்டியில் அவள் தூங்கி அவன் பார்த்ததில்லை. இந்தத் தூக்கத்தைக் கொடுத்தவன் தான்தான் என்று நினைத்தபோது அவனுக்கு நெஞ்சு நிறைந்தது. எழுப்பினால் இது போய்விடும். எழுப்பாவிட்டால் மலை போய்விடும். இன்னொரு ஞாயிறு, இன்னொரு பர்மிட், சபரிநாதனின் இன்னொரு பெரிய மனது எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்.

 உள்ளங்கையை விரித்துத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினான்.

“புதுவாயல், புதுவாயல் எறங்கு!”

குணசுந்தரி விருட்டென்று எழுந்தாள். பையை எடுத்தாள், கதவைத் திறந்தாள், இறங்கினாள். “கொஞ்சம் வுடு, வழி வுடு” என்று முணுமுணுத்தபடி நாலடி நடந்தாள். கம்பித் தடுப்பு வயிற்றில் இடித்தது. நிமிர்ந்து பார்த்தாள்.

பின்னால் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். குணசுந்தரி கண்ணைக் கசக்கிக்கொண்டாள். கீழே வளைந்து கிடந்த ரோட்டைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள். தணிகைவேலைப் பார்த்தாள்.

“இம்மாம் ஒசரம் நீயாய்யா ஏத்துன?”

“வேற யாரு? நீதான் கண்ண மூடாம பாத்துக்கினு வந்தியே.”

குணசுந்தரிக்கு முகம் சிவந்துவிட்டது. எல்லோருக்கும் முன்னால் பையால் அவன் தோளில் ஒன்று போட்டாள். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் பள்ளத்தாக்கைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். “மலை எறங்கறப்போ பாக்கறேன்,” என்றாள். “இந்த வாட்டி நெஜமா.”

அதன்பிறகு அருவி வரைக்கும் யாரும் தூங்கவில்லை. மலை பார்த்த கண் மூடவில்லை என்பது ஒன்று, பானு ஒவ்வொரு சீட்டாகப் போய்க் கிள்ளினாள் என்பது இன்னொன்று. தலக்கோனாவில் மழைக்காலத்து மிச்சத் தண்ணீர் நன்றாகவே விழுந்தது. பாறையைப் பிடித்துக்கொண்டு அருவிக்கடியில் நின்று எல்லோரும் கூச்சல் போட்டார்கள். மரத்துக்கு மரம் கயிறாகத் தொங்கிய காட்டுக்கொடியில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். புளிசாதத்தைக் குரங்கிடமிருந்து காப்பாற்றிச் சாப்பிட்டார்கள். மேரி காலையில் விட்ட ஜெபத்தை ஞாபகமாக முடித்தாள். “நானு அப்பவே ஆமென் போட்டுட்டேன்,” என்றான் தணிகைவேல். மேரி அதற்கும் ஒரு தடவை சிரித்தாள்.

வெயில் சாய ஆரம்பித்ததும் கிளம்பினார்கள். தலை காயாத ஈரமும் வயிறு நிறைந்த மயக்கமும் சேர, பின்னால் ஒவ்வொரு தலையாகச் சாய்ந்தது. கிள்ளுவதற்குப் பானுவும் விழித்திருக்கவில்லை. மலை இறக்கம் ஆரம்பித்தபோது வண்டியில் விழித்திருந்தவர்கள் இரண்டே பேர். குணசுந்தரி இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மலையைப் பார்க்கவில்லை. அவன் காலைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், அவன் கண் எங்கே போகிறது என்று பார்த்தாள்.

நடுமலையில் ஒரு வளைவில் தக்காளி லாரி ஒன்று திணறிக்கொண்டு எதிரே ஏறி வந்தது. ஏறுகிற வண்டிக்குத்தான் முதலில் வழி. தணிகைவேல் வண்டியை நிறுத்தி, கண்ணாடியைப் பார்த்தபடி மெள்ள மெள்ளப் பின்னுக்கு ஏற்றினான். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை.  லாரி உரசாமல் கடந்து போயிற்று. லாரிக்காரன் கையை உயர்த்திவிட்டுப் போனான். தணிகைவேலும் கையை உயர்த்தினான். வண்டி மறுபடியும் எண்ணெய் வழுக்கியதுபோல இறங்கியது.

குணசுந்தரி அப்போதுதான் மூச்சு விட்டாள். முதல் வேலையாகப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். மேரியின் தலை அதே இடத்தில் சாய்ந்திருந்தது. ஏஞ்சலின் மடியில் இருந்த தண்ணீர் பாட்டில் உருண்டு விழவில்லை.

“ஏன்யா,” என்றாள் ரகசியமாக. “இம்மாம் நடந்துகீது. ஒருத்திகூட எயுந்துக்கல.”

“எயுந்துக்கக் கூடாதுன்னுதானம்மே ஓட்டறேன்,” என்றான் தணிகைவேல்.

அவள் முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனபிறகு டேஷ்போர்டில் இருந்த கையை எடுத்து, கியர் மேல் இருந்த அவன் கையின்மேல் ஒரு நொடி வைத்தாள். “ஒக்காந்துகினே வேலன்னு சொன்னேன் பாரு,” என்றாள். அடுத்த வளைவு வந்ததால் கையை எடுத்துக்கொண்டாள். தணிகைவேலுக்கு அந்த வளைவில் ரோடு கொஞ்சம் கலங்கித் தெரிந்தது. கண்ணைச் சிமிட்டிச் சரிசெய்துகொண்டான். அவனுக்கு அன்றைக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

மலை முடிந்து சமதரை வந்ததும் அவள் தலை மெல்லச் சாய்ந்தது. அவன் எழுப்பவில்லை. புத்தூர் போயிற்று, நாகலாபுரம் போயிற்று, ஊத்துக்கோட்டையில் விளக்குகள் எரிந்தன. பெரியபாளையத்தில் வழக்கமான மாடுகள் வழக்கமான இடத்தில் படுத்திருந்தன, சுற்றிக்கொண்டு போனான். ஆரணி தாண்டியபோது, இவளை எழுப்பத் தகரத்தைத் தட்ட வேண்டுமே, பின்னால் இருப்பவர்கள் பயந்துவிடுவார்களே என்று யோசித்தான். எல்லோரும் இறங்கின பிறகு மெதுவாகத் தட்டலாம் என்று முடிவு செய்தான்.

சாலை வலப்பக்கம் வளைந்தது. அவன் இரண்டாவது கியருக்கு இறங்கினான். தடக், தடக்.

பின்னால் சரசரவென்று எல்லோரும் எழுந்தார்கள். மேரி கதவைத் திறந்தாள். கண்ணை மூடிக்கொண்டே ஒருவர்பின் ஒருவராக இறங்கி, ரோட்டில் நின்று கண் விழித்து, “வரேண்ணா” “வரேண்ணா” என்றார்கள். ஏஞ்சலினின் அண்ணன் பைக்கோடு நின்றிருந்தான்.

தணிகைவேல் இறங்கி, வண்டியைச் சுற்றிக்கொண்டு முன்கதவுப் பக்கம் வந்தான். தட்டுவதற்கு உள்ளங்கையை விரித்துத் தூக்கினான். கதவு உள்ளேயிருந்து திறந்தது. கண் மூடியபடியே, பை தோளில் மாட்டியபடியே குணசுந்தரி இறங்கி வந்து அவன் எதிரில் நின்றாள்.

“நம்ம ஊடு வந்துடுச்சாய்யா?” என்றாள்.

தட்டுவதற்குத் தூக்கிய கையால் அவள் பையை வாங்கிக்கொண்டான்.